வலையில்லாத கை

அந்த ஆண்டு சீட்டு எடுத்த கை என்னுடையது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அரியாலையின் கிழக்கு ஓரத்தில், எங்கள் வீதி முடிகிற இடத்தில் பரவைக்கடல் தொடங்குகிறது. முழங்காலளவு ஆழம், மிஞ்சினால் இடுப்பளவு. மாரிக்கு முன் அதில் தடிகள் நடுவார்கள். தடிகளில் வலையை இரண்டு சிறகுகள் போல விரித்துக் கட்டி, சிறகுகள் சேரும் இடத்தில் ஒரு கூடு வைப்பார்கள். பொழுதுபடும்போது கூட்டின் மேல் ஒரு லாம்பு தொங்கும். வெளிச்சத்தைத் தேடி இறால் வரும். விடியற்காலையில் போய்க் கூட்டைக் கவிழ்ப்பார்கள். சிறகுவலை என்று இதற்குப் பெயர். பின்னேரங்களில் கரையிலிருந்து பார்த்தால் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். எது எங்கே முடிகிறது என்று தெரியாது. தடிகள் நேராகவும் அவற்றின் நிழல்கள் தலைகீழாகவும் நிற்க, நடுவில் லாம்புகள் ஒவ்வொன்றாக ஏறும். சில நாட்களில் அவை தண்ணீரின் மேல் இருக்கின்றனவா உள்ளே இருக்கின்றனவா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

எங்கள் கரைக்குப் பன்னிரண்டு இடங்கள். பன்னிரண்டும் ஒரு தரமானவை அல்ல. சிலவற்றில் சேறு. சிலவற்றில் சாதாளைப் பாசி வந்து வலையை மூடிவிடும். சில இடங்கள் காற்றுக்கு நேரே. வீதி வளைகிற இடத்துக்கு முன்னால் மட்டும் ஓர் ஆழம் வாய்க்கால் போல ஓடுகிறது. இறால் போகும் வழி அது. அந்த இடத்தை ‘வளைவு’ என்று மட்டும் சொல்வார்கள்.

யாருக்கு எந்த இடம் என்பதை ஆவணி முடிவில் கடற்றொழிலாளர் சங்கம் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும். கொப்பித் தாளில் இடங்களின் இலக்கங்களை எழுதி மடித்து, பழைய ஐஸ்கிறீம் வாளி ஒன்றுக்குள் போடுவார்கள். வாளியில் அச்சிட்டிருந்த பழம் வெளிறிப்போய், அது என்ன பழம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சீட்டை எடுப்பவருக்கு வலை இருக்கக் கூடாது. ‘வலையில்லாத கை’ என்பார்கள். ஒரு வருடம் தபால்காரர் எடுத்தார். இன்னொரு வருடம் ஐஸ் கொண்டுபோன லொறிச் சாரதியை வழியில் மறித்துக் கூட்டிவந்தார்கள்.

இதோடு சேர்ந்த வழக்கம் இன்னொன்று உண்டு. தன்னுடைய இடம் பற்றிப் பேச்சு வந்தால் அதற்குரியவர் வாய் திறப்பதில்லை. எழுந்து வெளியே போய், பூவரசின் கீழ் சைக்கிள்களோடு நிற்பார். உள்ளே மற்றவர்கள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். செய்தி சேகரிக்கப் போன காலத்தில் அப்படி எழுந்து போன ஒருவரைப் பார்த்து, அவர் வெளிநடப்புச் செய்ததாக எழுதிவிட்டேன். அடுத்த நாள் திருத்தம் போட வேண்டி வந்தது. முப்பது வருடப் பத்திரிகை வேலையில் நான் போட்ட திருத்தங்களில் நன்றாக நினைவில் நிற்பது அதுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, வலையில்லாத கையாக என்னைக் கூப்பிட்டார்கள். வளைவுக்கான சீட்டு என் எதிர்வீட்டுக்காரருக்கு விழுந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணை என்றுதான் அழைப்பேன். மூன்று வருடமாக அவருக்கு விழுந்தவையெல்லாம் மோசமான இடங்கள். சேறு, சாதாளை, மறுபடியும் சேறு. அவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. சீட்டை வாங்கி இன்னொரு மடிப்பு மடித்து, சேட்டுப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானைப் பூட்டினார். அவருடைய மனைவியின் தம்பிதான் சத்தமாகச் சிரித்தார். அந்தக் கரையில் வாய்க்கு அவர் ஒருவர்.

“பேப்பர் அண்ணை, கைக்குள்ள காந்தம் ஏதும் வைச்சிருந்தனியளோ? மூண்டு வருசமாச் சேத்தில நிண்ட மனிசனுக்கு வளைவை இழுத்துக் குடுத்திட்டியள்.”

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் குடவோலை முறையைத் தேர்தல் என்றுதான் படிப்பித்தார்கள். குடத்துக்குள் ஓலைகளைப் போட்டு ஒன்றை எடுப்பதற்குப் பெயர் குலுக்கல் என்பது, அன்று வாளிக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு உறைத்தது. தாள்கள் விரல்களில் பட்டு நழுவின. அவற்றில் எனக்கு வேண்டியது என்று ஒன்றும் இல்லை. அவ்வளவு லேசான கையை நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை.

அதே காலத்தில் எங்கள் பகுதிச் சபை ஒரு கைப்பேசிச் செயலியைத் தொடங்கியிருந்தது. குழி விழுந்த வீதியைப் படம் எடுத்து அனுப்பலாம். சபை கேட்கும் கேள்விகளுக்கு ஆம், இல்லை என்ற பொத்தான்களில் ஒன்றை அமர்த்தலாம். பொறுப்பான அலுவலர் தென்மராட்சியில் நெல் விதைக்கிற ஒரு கமக்காரக் குடும்பத்தவர். மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் என்னிடம் வந்தார். கேள்விகளின் தமிழ் யாருக்கும் விளங்கவில்லை என்று சனம் பேசுகிறதாம். எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. குப்பை வண்டி எந்த நாள் வர வேண்டும், வாசிகசாலை எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று சில கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். செயலி வேலை செய்தது. எங்கள் ஒடுங்கிய ஒழுங்கை முகப்பில் இரண்டு மாரியாகத் தண்ணீர் நின்ற குழி, படம் அனுப்பிய கிழமைக்குள் மூடப்பட்டது. ஒரு கூட்டமும் இல்லை, ஒரு மனுவும் இல்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு விளக்குக் கேள்வி வந்தது. அதற்கான கோரிக்கையைச் செயலியில் போட்டவர் அண்ணையின் மகள். நல்லூரில் ஒரு ரியூஷன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறார். வகுப்பு முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது ஏழு மணி தாண்டிவிடும். வளைவில் ஒரு பக்கம் பற்றைக் காடு, மறுபக்கம் தண்ணீர். இரண்டு தடவை யாரோ மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்திருக்கிறார்கள். அவர் அனுப்பிய படத்தை அலுவலர் எனக்குக் காட்டினார். முழுக் கறுப்பு, நடுவில் ஸ்கூட்டியின் வெளிச்சம் ஒரு புள்ளியாக. அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

நான் எழுதிய கேள்வி இது: ‘பரவைக்கடல் வீதிக்கு மின்விளக்கு வேண்டுமா?’ ஒரு சொல்லும் கூடுதல் இல்லை, ஒரு பக்கமும் சாயவில்லை. எழுதி முடித்ததும் ஒரு நல்ல தலைப்புப் போட்ட திருப்தி இருந்தது. கேள்வி எழுதியவன் பதில் சொல்லக் கூடாது என்று நான் ஒரு பொத்தானையும் அமர்த்தவில்லை. பத்திரிகையில் பழகிய சுத்தம் அது.

கேள்வி இரண்டு கிழமை திறந்திருந்தது. அந்தப் பின்னேரங்களில் வீதியில் நடந்தால் வாசல்களில், மதகுகளில், கடைப் படிகளில் முகங்கள் கீழிருந்து நீல வெளிச்சம் பட்டுத் தெரியும். ஒரு நாள் மத்தியான உறக்கத்தில் அந்த முகங்கள் எல்லாம் பரவைக்கடலில் நின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு லாம்பு. தண்ணீருக்குள்ளிருந்து சிறியவையாக ஏதோ வெளிச்சத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தன. நான் கரையில் நின்று எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் எதை எண்ணினேன் என்பது விழித்தபோது நினைவில் இல்லை.

முடிவு ‘ஆம்’. ‘இல்லை’ என்ற பக்கம் ஏறத்தாழ வெறுமை. அலுவலர் சந்தோஷமாகத் தொலைபேசி எடுத்தார். இப்படி ஒத்த குரலை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஐப்பசியில் கம்பங்கள் வந்தன. கேள்வி முழு வீதிக்குமாக இருந்தது. வந்திருந்தவையோ முதற்கட்டமாக ஆறு. ஆபத்தான இடம் எது என்று கோரிக்கையில் குறித்திருந்ததால் ஆறையும் வளைவிலேயே நட்டார்கள். விளக்குகள் எரிந்த முதல் பின்னேரம் நான் போய்ப் பார்த்தேன். பால் போல வெள்ளை வெளிச்சம் வீதியைத் தாண்டி, கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் வெகுதூரம் இறங்கிக் கிடந்தது. அடியில் மணலின் வரிகள் தெரிந்தன. அண்ணை நட்டிருந்த தடிகள் அந்த வெளிச்சத்தின் நடுவில் நின்றன. கூட்டின் மேல் அவர் இனித் தொங்கவிடும் லாம்பை எந்த இறாலும் காணப் போவதில்லை. கரையோரக் கற்களுக்கு இடையில், கம்பத்தின் நேர் கீழே, கண்ணாடித் துண்டுகள் போல இறால்கள் ஏற்கனவே கூடத் தொடங்கியிருந்தன.

அண்ணை மதகில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். மழை வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

மறுநாள் அண்ணையின் மகள் தன் வகுப்பு அறிவித்தலைப் பிழை திருத்தித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் வீட்டு முற்றத்தில் நான் தாளோடு இருந்தேன். அண்ணை கதிரையில் இருந்து கூட்டு வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“அப்பா, நீங்கள் ஏன் ‘இல்லை’ எண்டு அமத்தேல்லை?”

“எதை?”

“லைற்றுக் கேள்வியை. போன் உங்களிட்டையும் இருக்குத்தானே. நானே அந்த அப்பைப் போட்டுத் தந்தனான்.”

அவர் முடிச்சை இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்தார். “அது என்ரை இடமெல்லே பிள்ளை. என்ரை விசயத்தில நானே கை வைக்கிறதே?”

“அதுக்குத்தானே அப்பா வாக்கு. நான் என்ரை றோட்டுக்கு ‘ஓம்’ எண்டு அமத்தினனான். நீங்கள் உங்கடை வலைக்கு ‘இல்லை’ எண்டு அமத்துவியள், ரெண்டையும் எண்ணிப் பாப்பினம் எண்டு நினைச்சன். எங்கடை வீட்டில ரெண்டு பக்கமும் இருக்கெண்டுதான் நினைச்சனான்.” அவர் குரல் இறங்கியது. “நீங்கள் அமத்தாதது எனக்குத் தெரியாது.”

“வலைக்காரர் ஒருதரும் அமத்தேல்லை. முழு றோட்டும் எண்டால் எல்லாற்றை இடமும்தானே. எல்லாரும் வெளியில நிண்டிட்டம்.” அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. நாளைக் காற்றைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். “தம்பி, நீங்கள் வலை இல்லாத ஆள். கேள்வியையும் எழுதினவர். எங்களுக்காக நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்திட்டம்.”

என் கையில் இருந்த தாளில் ஒரு பிழையும் மிச்சமில்லை. ஆனாலும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குகளை வேறிடம் மாற்றச் சொல்லிக் கேட்போமா என்றேன். அண்ணை தலையாட்டி மறுத்தார்.

“லைற் இருக்கட்டும். பிள்ளை வாற றோட்டு.”

அன்றே அலுவலரிடம் போனேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, திரையைத் திருப்பிக் காட்டினார். நேர்மையான மனிதர், நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம் வாடியது. பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அமத்தாத ஆக்களை எப்பிடி ஐயா எண்ணுறது?”

ஓய்வுக்குப் பிறகு மக்களாட்சி பற்றிய நூல்கள் சிலவற்றை வாங்கிப் படித்திருந்தேன். வாக்கு எல்லோருக்கும் ஒரே எடை. ஆனால் முடிவு எல்லோர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை என்பது அவற்றில் பழைய தலையிடி. ஒரு பக்கத்தில் பலருக்குக் கொஞ்சம் வசதி, மறுபக்கத்தில் ஒருவருக்கு ஒரு மாரிகாலத்தின் தொழில். ஒவ்வொருவரும் தன் நலனைச் சொன்னால் கூட்டல் கழித்தலில் நியாயம் வரும் என்பவர்கள் உண்டு. கணித ஆசிரியை அந்தக் கட்சி. தன் நலனை ஒதுக்கி வைத்தவன்தான் பொதுவைத் தீர்மானிக்கலாம் என்பவர்களும் உண்டு. அது அவருடைய தகப்பன். இரண்டு கட்சியும் ஒரு முற்றத்தில் தேத்தண்ணி குடிப்பதை எந்த நூலிலும் நான் படித்திருக்கவில்லை.

நான் கவனிக்கத் தவறியது வேறு. வெளியே போய்ப் பூவரசின் கீழ் நிற்பது அந்த வழக்கத்தின் பாதிதான். உள்ளே ஒருவர் அவருக்காகப் பேசுவார் என்பது மற்றப் பாதி. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் கதவைத் தாண்டி வெளியே போகமாட்டார்கள். செயலியில் உள்ளே என்று ஓர் இடம் இல்லை. எல்லோரும் தனித்தனியே அவரவர் வாசலில் நின்றார்கள். பேசியிருக்க வேண்டிய நான், சுத்தம் பார்த்து அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.

சங்கக் கூட்டம் அடுத்த ஞாயிறு பின்னேரம். தகரக் கூரையில் தூறல் விழுந்தபடி இருந்தது. வளைவு என்ற சொல் வந்ததும் அண்ணை எழுந்து, குடையையும் எடுக்காமல் வெளியே போனார். அவருடைய மனைவியின் தம்பி எழும்பினார். சீட்டு விழுந்த பிறகு ஓர் இடம் பழுதானால் எல்லாச் சீட்டும் திரும்ப வாளிக்குள் போக வேண்டும் என்பது பழைய முறை. அதைக் கேட்கும் உரிமை பழுதான இடத்துக்காரருக்கு இல்லை. வேறொருவர் கேட்க வேண்டும். மைத்துனர் அதைக் கேட்டார். அவருக்கு அந்த வருடம் விழுந்திருந்தது நல்ல இடம். அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். சிலர் முணுமுணுத்தார்கள். தடி நட்டாகிவிட்டதே என்றார் ஒருவர். பிடுங்கி நடுவதற்குத்தான் கை இருக்கிறது என்று அவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது.

வாளியைக் கொண்டுவந்தார்கள். ஆவணியில் எடுத்த பழக்கத்தில் நான் முன்னே வந்தேன். மைத்துனர் கையை நீட்டி என்னை மறித்தார்.

“நீங்கள் இருங்கோ பேப்பர் அண்ணை. இப்ப உங்களுக்கும் உதில ஒரு வலை கிடக்கு.”

சரியாகத்தான் சொன்னார். நான் இருந்தேன்.

கம்பங்களைப் பார்க்கவென்று வந்திருந்த அலுவலர் மழைக்காகக் கதவடியில் ஒதுங்கி நின்றார். அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தென்மராட்சிக் கமக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று யாரோ கேட்க, அதனால்தான் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். சேட்டுக் கையைச் சுருட்டினார். வாளிக்குள் கையை விட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பெயர் ஒவ்வொன்றாகக் கூப்பிட, அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். மழைச் சத்தத்தில் தாள் விரியும் சத்தம் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்து இலக்கங்களைச் சொல்வது போல இருந்தது.

வளைவு, கேட்ட மனிதருக்கே விழுந்தது. மனைவியின் தம்பி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அத்தான், உள்ளுக்கு வாங்கோ. நனைஞ்சது காணும். இனி லைற் வெளிச்சத்தில இருந்து பேப்பர் வாசிக்கிறது நான்.”

அண்ணைக்கு விழுந்தது காற்றுப் பக்கத்து நடுத்தர இடம். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வளைவு போனது போனதுதான். அவர் சீட்டை வாங்கி, முன்பு போலவே மடித்து, பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். அன்று மாலை மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து தண்ணீருக்குள் நின்று தடிகளைப் பிடுங்கினார்கள். கரையிலிருந்து பார்த்தபோது ஓர் ஆள் நான்கு கைகளோடு வேலை செய்வது போல இருந்தது.

அலுவலர் செயலியில் ஒரு சிறு மாற்றம் செய்தார். ஆம், இல்லை என்ற பொத்தான்களுக்குக் கீழே ஒரு பெட்டி. ‘வேறொருவருக்காக நீங்கள் சொல்ல விரும்புவது’ என்று தலைப்பு. சொற்கள் என்னுடையவை. பெரும்பாலும் அதில் கும்பிடும் கைகளும் காலை வணக்கங்களும் வருகின்றன என்று அவர் சிரித்தார்.

தை பிறந்த பிறகு ஒரு புதுக் கேள்வி வந்தது. சந்தையின் மரக்கறிப் பக்கத்துக்குக் கூரை போடுவதா என்று. நான் எதிர்வீட்டுக்குப் போனபோது அண்ணை மகளின் கைப்பேசியைக் கையில் தூரமாகப் பிடித்துக் கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தார். மரக்கறி விற்கிறவர்களில் எங்கள் ஆட்கள் யாரும் உண்டா என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றார் மகள். தூரத்துச் சொந்தம்கூட இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை.

“அப்ப நான் அமத்தலாம்” என்றார்.

ஆனால் அமர்த்தவில்லை. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். பின்னேரம்தான் வந்தார். கால் முகம் கழுவி, கதிரையில் இருந்து, மகளைக் கூப்பிட்டார். மகள் பெட்டியைத் திறந்து விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எழுது. கூரை நல்லதுதான். ஆனால் தூண் வாற இடத்தில கீரை விக்கிற மனிசி ஒண்டு இருக்குது. அதிட்டைப் போன் இல்லை. அதுக்கு ஓர் இடம் பாத்திட்டுப் போடுங்கோ.”

மகள் எழுதி முடித்து, பிழை இருக்கிறதா என்று என்னிடம் நீட்டினார். ஒன்று இருந்தது, திருத்தவில்லை. அண்ணை கைப்பேசியை வாங்கி, பெருவிரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, மெல்ல அமர்த்தினார். ஆமா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. வெளியே வளைவுப் பக்கம் விளக்குகள் இன்னும் எரியத் தொடங்கவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன.